தோள் உயரத்துக்கு ஒரு தட்டி

நேற்று ஒரு டிவித் திரையில், முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் முதுகைப் பார்த்தேன். அப்போதிருந்து உன் நினைவாகவே இருக்கிறது.

சிறைச்சாலைகளைப் போய்ப் பார்த்து வரும் குழு ஒன்றில் என்னையும் சேர்த்திருக்கிறார்கள். ஓய்வுபெற்ற டீச்சர் என்றால் இப்படி எதற்காவது கூப்பிடுவார்கள். நானும் முழங்கால் வலியோடு போய்விடுவேன். நேற்றுப் போன இடத்தில், அலுவலக அறைச் சுவரில் பெரிய திரை. அதில் பன்னிரண்டு கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு சிறைக்கூடம். திரைக்கு முன்னால் ஒரு அதிகாரி சோற்றுப் பொதியைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கீழ்வரிசைக் கட்டம் ஒன்றில் ஒரு பெண் மூலையில் குந்தியிருந்தாள். பாவாடையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு, கேமராவுக்கு முதுகைக் கொடுத்திருந்தாள்.

"இது எந்நேரமும் ஓடுமா?" என்று சிங்களத்தில் கேட்டேன்.

"எந்நேரமும் ஓடும் டீச்சர். அவங்க பாதுகாப்புக்குத்தான்" என்றார். பொய் சொல்பவர் மாதிரித் தெரியவில்லை. பருப்பைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

பார்வையாளர் புத்தகத்தில் எழுதினேன். மலசலகூட மூலையைக் கேமரா பார்க்கக் கூடாது, அங்கே தோள் உயரத்துக்கு ஒரு மறைப்பு வேண்டும், பெண்கள் பகுதியைப் பெண்கள் மட்டுமே கவனிக்க வேண்டும். குழுவில் என்னோடு வந்தவர் எட்டிப் பார்த்து, "அது என்னங்க தோள் உயரம்? யார் சொன்ன கணக்கு?" என்று கேட்டார். "என் கூட்டாளி ஒருத்தி சொன்ன கணக்கு" என்றேன். எழுதியதை என்ன செய்வார்களோ தெரியாது. ஆனால் பஸ்ஸில் திரும்பி வரும்போது, இத்தனை வருஷமாக உனக்கு ஒரு கடிதம் ஒழுங்காக எழுதவில்லையே என்று தோன்றியது. நீ போய்ச் சேர்ந்த பிறகு எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. கோதுமை மாவுக்காக விடியுமுன்னே வரிசையில் நின்ற வருஷங்கள். நீ தேயிலைக் கொழுந்தெடுப்பதில் நம் தோட்டத்து டிவிசனிலேயே முதல் ஆள். நான் பிள்ளை மடுவத்தில், வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உனக்கு வாய் பெரிது. எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும். இந்த இரண்டும்தான் நம்மைச் சிறைக்குக் கொண்டுபோயின.

மூன்று வாரம் மாவு கொடுக்காததைக் கேட்கப் பெண்கள் எல்லோரும் ஆபீசுக்குப் போனோம். நான் எழுதிய மனுவை நீ கொண்டுபோய்த் தோட்டத்து மேனேஜரான தொரையின் மேசையில் வைத்தாய். அந்த நேரம் வெளியே தொரையின் ஜீப் கண்ணாடி உடைந்தது. யார் கல் எறிந்தார்கள் என்று கடைசிவரைக்கும் தெரியவில்லை. பொலிஸ் வந்தபோது, மலையில் நம்மை வேலை வாங்கும் கண்டாக்கு ஐயா இரண்டு பேரை நோக்கித்தான் விரலை நீட்டினார். பேசியவள் நீ, எழுதியவள் நான்.

"நான் எறியல புள்ள" என்று பொலிஸ் ஜீப்பில் போகும்போது என் காதில் சொன்னாய். "எறியாம விட்டுட்டோமேன்னுதான் இப்ப கவலையா இருக்கு."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

வழக்கு விசாரணைக்கு வரும்வரை பதினான்கு நாள் விளக்கமறியல் என்றார்கள். மலையிறங்கிக் கொண்டுபோய் ஒரு பழைய சிறையில் விட்டார்கள். பெண்கள் பக்கத்தில் கடைசிக் கூடம் நம்முடையது. முன்பக்கம் முழுக்கக் கம்பி. உள்ளே ஒரு மூலையில் வாளி, பக்கத்தில் தண்ணீருக்கு ஒரு பானை. முற்றத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மாடிக் கட்டடம் இருந்தது. அதன் வராந்தாவில் ஆண் காவலர்கள் வருவார்கள், போவார்கள், கைப்பிடிச் சுவரில் சாய்ந்து டீ குடிப்பார்கள். அங்கிருந்து பார்த்தால் நம் வாளி நேராகத் தெரியும்.

முதல் நாள் பின்னேரம் வரை நாம் இரண்டு பேரும் அந்த வாளியின் பக்கமே போகவில்லை. பிறகு நீதான், "எத்தன நாளைக்கு அடக்குவ? எந்திரி" என்று சொல்லி, உன் வீட்டுக்காரர் கொடுத்து அனுப்பிய மாற்றுச் சேலையை எடுத்து இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாய். எனக்கு முதுகைக் காட்டி, முகத்தை அந்த வராந்தாப் பக்கம் வைத்துக்கொண்டு நின்றாய். நான் கூச்சத்தில் அசையாமல் இருந்ததும், சத்தம் வெளியே கேட்காமல் இருக்கப் பாட ஆரம்பித்தாய். கண்டாக்கு ஐயாவின் மீசையைப் பற்றி நீயே கட்டிய தாலாட்டு. மீசைக்கு எண்ணெய் வைத்தது, அதில் எறும்பு ஏறியது, எறும்பை வரிசையில் நிறுத்தி எண்ணப் பெரட்டு வைத்தது என்று அது நீண்டுகொண்டே போனது. அடுத்த கூடத்துச் சிங்களப் பெண்கள், ஒரு வார்த்தை புரியாமலே கைதட்டினார்கள்.

அந்தச் சேலை மூன்று நாள்தான் இருந்தது. நாலாம் நாள், நம் பகுதிக்குக் காவலாக இருந்த சிங்களப் பெண், காவல் நோனா வந்து அதை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். கெட்டவள் இல்லை அவள். தலைவலிக்கு நமக்குச் சித்தாலேப தைலம் கொண்டுவந்து கொடுத்தவள். நான் சிங்களத்தில் கெஞ்சிக் கேட்டதற்கு அவள் சொன்ன பதில், நமக்கு முன்னால் அதே கூடத்தில் இருந்த ஒரு பெண் துணியைக் கம்பியில் கட்டித் தொங்கிவிட்டாளாம். அன்றிலிருந்து துணி கட்டக் கூடாது, மறைக்கக் கூடாது, உள்ளே இருப்பவர்கள் எந்நேரமும் கண்ணில் பட வேண்டும் என்று உத்தரவு. "உங்களுக்கு ஏதாவது ஆனால் என் வேலை போய்விடும், தங்கச்சி" என்றாள்.

நான் அதை உனக்குத் தமிழில் சொன்னேன்.

"செத்த புள்ளைக்காக நானும் அழுவேன்" என்றாய். "ஆனா சாகாம இருக்கமான்னு பாக்குறதுக்கு, எங்க எல்லாத்தையுமா பாக்கணும்?"

அதன்பிறகு நாம் தண்ணீர் குடிப்பதைக் குறைத்தோம். எனக்கு நீர்க்கடுப்பு வந்து காய்ச்சலும் வந்தது. நான் ஜெபமாலை சொல்லும்போது நீ பக்கத்தில் உட்கார்ந்து, "ஒங்க மாதாவுக்காச்சும் கோயில்ல திரை போட்டிருக்காங்க. நமக்கு ஒரு சாக்குத் துண்டு தரச் சொல்லி அவங்ககிட்ட கேளு" என்பாய். வராந்தாவில் நிற்பவர்களில் வயதான காவலர் ஒருவர் இருந்தார், ஞாபகம் இருக்கிறதா? எப்போது டீ குடிக்க வந்தாலும் நம் பக்கம் முதுகைத் திருப்பிச் சுவரைப் பார்த்தபடியே குடிப்பார். நீ அவரைக் கும்பிடுவாய். அவருக்கு அது தெரியவே தெரியாது.

நேற்றுத் திரையின் முன்னால் நின்றபோது நான் தேடியது அவரைத்தான் போலிருக்கிறது. அங்கே அப்படித் திரும்பிக்கொள்ள ஒருவரும் இல்லை.

பதினான்காம் நாள் கோர்ட்டுக்குக் கொண்டுபோனார்கள். நீதவான் சிங்களவர். நமக்குத் தமிழில் சொல்லவும் நாம் சொல்வதை அவருக்குச் சொல்லவும் ஒரு மொழிபெயர்ப்பாளர் இருந்தார். நெற்றியில் திருநீறு, வெள்ளைக் கோட், நம்மவர்தான். ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று நீதவான் கேட்டதும், நீ கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு சொன்னாய்:

"சாமி, நாங்க ஒண்ணுக்கு ரெண்டுக்குப் போற வாளி கம்பிக்கு நேரா இருக்குங்க. மாடியில நின்னு ஆம்பளைங்க பாக்குறாங்க. ஒரு சாக்குத் துண்டு கட்டிக்க உத்தரவு குடுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

மொழிபெயர்ப்பாளர் காது சிவந்து நின்றார். பிறகு சிங்களத்தில், "சிறையில் வசதிகள் போதாது என்கிறாள், ஐயா" என்றார். அவ்வளவுதான். நீதவான் பேனாவை எடுத்தபடியே, எல்லாச் சிறையிலும் அப்படித்தான் என்றார். இன்னொரு பதினான்கு நாள்.

எனக்குச் சிங்களம் தெரியும். அப்பா நோட்டன் பிரிட்ஜில் அணைக்கட்டு வேலைக்கு இருந்த காலத்தில், சிங்களப் பிள்ளைகளோடுதான் விளையாடி வளர்ந்தேன். மொழிபெயர்ப்பாளர் வாய் திறந்த அந்தக் கணமே எனக்குப் புரிந்துவிட்டது. நீ சொன்னது நீதவானிடம் போய்ச் சேரவில்லை. நான் வாயைத் திறந்திருக்கலாம். கோர்ட் நிறைய ஆண்கள். அந்த வார்த்தைகளை அத்தனை பேர் முன்னால் நான் எப்படிச் சொல்வது என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

சிறை வேனில் திரும்பும்போது, "சொல்லியும் குடுக்க மாட்டேன்னுட்டாரே. அந்த ஆளு என்னா நெனச்சாரு?" என்று கேட்டாய். "தெரியலையே" என்றேன். உன்னிடம் நான் சொன்ன ஒரே பொய் அது.

அந்த இரண்டாவது பதினான்கு நாளில்தான் நீ வீட்டுக்குத் தூரமானாய். துணி கேட்டோம், கொடுத்தார்கள். ஆனால் எங்கே வைத்து மாற்றுவது, எங்கே கழுவுவது? நான் உன்னை மறைத்துக்கொண்டு நின்றேன். உன் உடம்பில் பாதி அளவுதான் என் உடம்பு. எப்படி நின்றாலும் ஒரு பக்கம் தெரிந்தது. மாடியில் யாரோ சிரித்தார்கள். நம்மைப் பார்த்துத்தான் சிரித்தார்களா, அவர்களுக்குள் ஏதாவது பேசிச் சிரித்தார்களா, எனக்குத் தெரியாது. நீ துணியைக் கையில் பிடித்தபடி அப்படியே சுவரோடு ஒட்டி உட்கார்ந்துவிட்டாய். மூன்று நாள் நீ பேசவில்லை, பாடவில்லை. பக்கத்துக் கூடத்துப் பெண்கள் கம்பியைத் தட்டி உன்னைப் பாடச் சொல்லிக் கேட்டார்கள். நீ முகத்தை முழங்காலுக்குள் வைத்துக்கொண்டிருந்தாய். உன் முதுகைத் தடவிக்கொண்டிருந்த என் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்கே தெரியவில்லை.

அடுத்த தவணைக்குப் போனோம். அதே கோர்ட், அதே மொழிபெயர்ப்பாளர். நீ மறுபடியும் சொன்னாய், முன்பைவிட மெதுவாக. அவர் மறுபடியும், "போன முறை சொன்ன அதே வசதிக் குறைதான், ஐயா" என்றார்.

"இல்லை ஐயா. அவள் அப்படிச் சொல்லவில்லை" என்று யாரோ சிங்களத்தில் சொன்னார்கள். அது நான்தான் என்பது எல்லோரும் திரும்பிப் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

நீதவான் கண்ணாடியைக் கழற்றினார். "அப்படியானால் என்ன சொன்னாள்?"

சொன்னேன். மலசலகூடத்துக்குச் சிங்களத்தில் மரியாதையான வார்த்தை எனக்குத் தெரியாது. நோட்டன் பிரிட்ஜில் பிள்ளைகள் சொல்லும் வார்த்தைதான் தெரியும். அதையே சொன்னேன். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நீதவான் சிரிக்கவில்லை. மாடி வராந்தாவைச் சொன்னேன், பறித்த சேலையைச் சொன்னேன், நீ தூரமாகியிருந்ததைச் சொன்னேன். மொழிபெயர்ப்பாளர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நீதவான் கேட்டார்: "தோட்டத்தில் உங்கள் லயத்து வீடுகளில் ஒரே அறையில் எட்டு, பத்துப் பேர் இருக்கிறீர்கள் அல்லவா? அங்கே இல்லாத கூச்சம் இங்கே எப்படி?"

கேலியாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே அவருக்குத் தெரியவில்லை. நான் அதை உனக்குச் சொன்னதும் நீ நிமிர்ந்தாய். காணாமல் போயிருந்த உன் பழைய குரல் திரும்பி வந்தது.

"லயத்துல ஒரே காம்பராதான் சாமி. மாமனாரு, கொழுந்தன், புள்ளைங்க எல்லாரும் அதுலதான். ஆனா நான் சேலை மாத்துறப்ப அத்தன பேரும் செவத்தப் பாத்துத் திரும்பிக்குவாங்க. யாரும் சொல்ல வேண்டியதில்ல. அங்க கதவு இல்லாட்டியும் ஆளுங்க திரும்பிக்குவாங்க. இங்க திரும்பிக்க ஆள் இல்ல."

இதைச் சிங்களத்தில் சொல்ல எனக்கு வரவில்லை. வார்த்தை தடுமாறியது. என்ன செய்வதென்று தெரியாமல், கூண்டுக்குள் நின்றபடியே திரும்பி, நீதவானுக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து நின்றேன். "இப்படி, ஐயா" என்றேன். "இப்படித் திரும்பிக்கொள்வார்கள்."

பொலிஸ்காரர் அதட்டினார். "விடுங்கள், அவள் பதில்தான் சொல்கிறாள்" என்று நீதவானின் குரல் கேட்டது.

சிறை அதிகாரி எழுந்து, தொங்கிப்போன அந்தப் பெண்ணின் கதையைச் சொன்னார். உயிரோடு இருக்கிறார்களா என்று பார்க்கும் பொறுப்பு தங்களுக்கு இருக்கிறது என்றார். அதிலும் நியாயம் இருந்தது. நான் உனக்குச் சொன்னேன். நீ உடனே சொன்னாய்:

"தலை தெரிஞ்சாப் போதுமுங்களே! தோளு வரைக்கும் ஒரு தட்டி வைங்க. தலைய நல்லாப் பாத்துக்கங்க. தலை இருந்தா நான் உசுரோட இருக்கேன்னு அர்த்தம்."

நீதவான் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது. தோள் உயரத்துக்குத் தட்டி வைக்க வேண்டும், பெண்கள் கூடம் தெரியும் பக்கத்து வராந்தாவை அடைக்க வேண்டும் என்று சொல்லி எழுதிவிட்டு, மறுபடியும் பதினான்கு நாள் போட்டார். வெளியே வரும்போது மொழிபெயர்ப்பாளர் என் பக்கத்தில் வந்து, "எனக்கும் மகள்கள் இருக்காங்க அம்மா. வாய் வரல" என்றார். எனக்கும்தானே முதல் தடவை வாய் வரவில்லை.

ஒரு வாரம் கழித்துத் தட்டி வந்தது. கைதியாக இருந்த ஒரு தச்சர், தேயிலைப் பெட்டிப் பலகைகளை வைத்து அடித்துக் கொடுத்தார். காவல் நோனா உன்னைப் பக்கத்தில் நிற்க வைத்து, தோளைத் தொட்டு உயரத்தைக் காட்டினாள். மாடியில் தகரம் அடித்தார்கள். எல்லாம் முடிந்ததும் நீ தட்டிக்குப் பின்னால் போனாய். வெகு நேரம் வரவில்லை. உன் தலை மட்டும் தெரிந்தது, கண்ணை மூடிக்கொண்டிருந்தாய். எனக்குப் பயமாகிவிட்டது.

"என்னா செய்யிற அங்க?"

"ஒண்ணுமில்ல புள்ள. சும்மா இருக்கேன்" என்றாய். "யாரும் பாக்காம சும்மா இருந்து எத்தன நாளாச்சு."

அன்று பின்னேரம் கண்டாக்கு ஐயாவின் மீசை மறுபடியும் வளர்ந்தது. அடுத்த கூடத்தில் கைதட்டினார்கள்.

மூன்றாவது தவணையில் தொழிற்சங்கத்து வக்கீல் வந்து பிணையில் எடுத்தார். அந்தத் தட்டியை நாம் சில நாட்களே பயன்படுத்தினோம். வழக்கும் சாட்சி இல்லாமல் தள்ளுபடியானது. நீ கொழுந்துக்குப் போனாய். சில வருஷத்தில் தோட்டப் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் எடுத்தபோது நான் டீச்சரானேன். நான் போன பள்ளிக்கூடத்தில் பெண் பிள்ளைகளின் கக்கூசுக்குக் கதவு இல்லை. பெரிய பிள்ளைகள் ஒவ்வொரு மாதமும் நாலைந்து நாள் வராமல் இருந்துவிடுவார்கள். நான் கடிதம் எழுதி எழுதிக் கையோய்ந்து உன்னிடம் வந்து சொன்னதும், நீ இருபது பெண்களைத் திரட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போய் உட்கார்ந்தாய். இம்முறை எந்தக் கண்ணாடியும் உடையவில்லை. கதவு வந்தது.

பிறகு, இரண்டு நாட்டு அரசாங்கமும் தோட்டத் தமிழரைப் பங்குபோட்ட ஒப்பந்தப்படி, உங்கள் குடும்பத்துக்கு இந்தியாவுக்குப் போகச் சீட்டு வந்தது. எண்பதுகளின் தொடக்கம். உன் மாமனார் எப்போதோ எழுதிப்போட்ட விண்ணப்பம்; நீ கேட்டு வாங்கியது இல்லை. அட்டன் ஸ்டேஷனில், கப்பலேறத் தலைமன்னாருக்குப் போகிறவர்களின் பெட்டிகளும் பாத்திரங்களும் குவிந்து கிடந்தன. எல்லோரும் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தார்கள். நீ கோச்சியின் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாய். இனி உன்னைப் பார்க்கப்போவதில்லை என்று எனக்குத் தெரிந்தது. அதனால்தான் சொன்னேன்.

"கோர்ட்டுல மொதத் தடவையே எனக்குப் புரிஞ்சிச்சு. அந்த ஐயா மாத்திச் சொன்னது. பேசாம இருந்துட்டேன்."

நீ என்னையே பார்த்தாய். சுற்றிலும் அத்தனை அழுகைச் சத்தம். உன் உதடு அசைந்ததைப் பார்த்துத்தான் நீ சொன்னது எனக்குத் தெரிந்தது.

"பதினாலு நாளு புள்ள."

"ஆமா" என்றேன்.

விசில் ஊதினார்கள். வண்டி அசைந்தது. நீ ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் கன்னத்தைப் பிடித்தாய், கொஞ்சம் வலிக்கிற மாதிரியே. கொழுந்து கிள்ளிக் கிள்ளிக் காய்த்துப்போன விரல்கள்.

"சரி, அப்பறம் பேசினியே" என்றாய். வண்டியோடு நான் ஓடினேன். நீ இன்னும் சத்தமாக, அழுதுகொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி சொன்னாய்: "பேசினியே புள்ள!"

கோத்தகிரியிலிருந்து வருஷத்துக்கு ஒரு கடிதம் வரும், உன் மகள் எழுதியது. போன மாதம் வந்ததில் நீ இல்லை என்று எழுதியிருந்தாள். கடைசி நாட்களில் மகளையும் பேத்திகளையும் சிரிக்க வைத்துக்கொண்டே இருந்தாயாம்.

அந்தப் பதினான்கு நாளை நான் உனக்குத் திருப்பித் தர முடியாது. அது என்னோடுதான் இருக்கிறது. எங்கேயாவது ஒருத்தி சொன்னதை இன்னொருவர் மாற்றிச் சொல்லும்போது அது என்னை எழுந்து நிற்க வைக்கிறது. எழுபது வயதுக்கு மேல் ஆகிவிட்டது. இப்போதும் கூட்டம் நிறைந்த இடத்தில் வாயைத் திறக்குமுன் என் காது சிவக்கிறது. ஆனாலும் திறந்துவிடுகிறேன்.